விதிகளே கொள்கை: சுகாதாரக் கொள்கை வகுப்பில் பாவனை விளையாட்டுகள்

சுகாதாரக் கொள்கையைக் கல்லூரியில் கற்பிப்பதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. பாடத்தின் கூறுகள் தனித்தனியே எளிமையானவை. காப்பீடு எப்படி இயங்குகிறது, அரசு எவ்வளவு செலவிடுகிறது, மருத்துவமனைக்குப் பணம் எந்த வழியில் வருகிறது என்பதையெல்லாம் ஒரு மாணவர் ஒரே மாலையில் படித்துவிடலாம். அந்தக் கூறுகள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதுதான் பிடிபடாது. காப்பீட்டை விரிவாக்கினால் மருத்துவரின் வாசலில் வரிசை நீளும். வரிசையைக் குறைக்கக் கட்டணம் வைத்தால் ஏழை நோயாளி வராமல் நின்றுவிடுவார். அவர் வராமல் நின்றதன் செலவு சில ஆண்டுகள் கழித்துப் பக்கவாதமாகவோ சிறுநீரகச் செயலிழப்பாகவோ வேறொரு துறையின் கணக்கில் வந்து சேரும். காரணமும் விளைவும் இவ்வளவு தள்ளி நிற்கும் ஒரு துறையைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினால், மாணவர் அம்புக்குறியை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்.

பாவனை விளையாட்டு, அதாவது சிமுலேஷன் விளையாட்டு, இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. நிஜ அமைப்பு ஒன்றிலிருந்து சில உறவுகளை மட்டும் பிரித்தெடுத்து விதிகளாக்குகிறார்கள். ஆட்டக்காரர்களுக்குப் பொறுப்புகளைப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். இந்தச் சுற்றில் எடுத்த முடிவின் பலன் அடுத்த சுற்றில் அவரவர் தலையிலேயே வந்து விழுகிறது. முறை பழையது. பிரஷ்யப் படைத் தலைமையகத்துக்கு ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-இல் காட்டிய போர்விளையாட்டிலிருந்து இதன் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் நிர்வாகப் பயிற்சிக்கும், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஹெரால்ட் கெட்ஸ்கோவ் வழியாகப் பன்னாட்டு அரசியல் வகுப்புக்கும் அது வந்தது. சுகாதாரக் கொள்கைக்கு வந்து சேர்ந்தது அதன் பிறகே.

முறையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்ட ஒரு சிறு ஆட்டம் போதும். அதற்குக் கணினி வேண்டாம். 10 சீட்டுகள் இருந்தால் சரி. சீட்டுகளில் 1,000 டாலரில் தொடங்கி 10,000 டாலர் வரை ஆயிரம் ஆயிரமாக ஏறும் தொகைகள் எழுதப்பட்டிருக்கும். சீட்டில் உள்ள தொகை, அதை எடுத்த மாணவருக்கு வரும் ஆண்டில் எதிர்பார்க்கப்படும் மருத்துவச் செலவு. அதை அவர் மட்டுமே பார்க்கலாம். காப்பீட்டு நிறுவனமாக இருப்பவர் ஆசிரியர். யார் நோயாளி, யார் ஆரோக்கியமானவர் என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை. எல்லோருக்கும் ஒரே பிரீமியம்தான் விதிக்க முடியும். எதிர்பாராத பெருஞ்செலவுக்கு எல்லோரும் அஞ்சுவார்கள் என்பதால், ஒவ்வொருவரும் சீட்டிலுள்ள தொகைக்கு மேல் 20 சதவீதம்வரை கூடுதலாகக் கொடுக்க முன்வருவார்கள் என்பது விதி.

பத்துப் பேரின் சராசரிச் செலவு 5,500 டாலர். அதுவே முதல் ஆண்டின் பிரீமியம். 4,000-மும் அதற்குக் குறைவாகவும் சீட்டு வைத்திருக்கும் 4 பேர் உடனே விலகிவிடுகிறார்கள். மீதி 6 பேரின் சராசரி 7,500. அந்தப் பிரீமியத்தைக் கேட்டதும் 5,000, 6,000 சீட்டுக்காரர்கள் போகிறார்கள். அடுத்த பிரீமியம் 8,500. 7,000 சீட்டு வைத்திருப்பவரால் 8,400 வரைதான் வர முடியும், அவரும் வெளியேறுகிறார். கடைசியில் மிஞ்சும் 3 பேரும் மிகுந்த நோயாளிகள். பிரீமியம் 9,000 டாலர். யாரும் கெட்ட எண்ணத்தோடு நடக்கவில்லை. எல்லோரும் தத்தம் கணக்கைச் சரியாகப் போட்டார்கள், சந்தை சுருங்கிவிட்டது. காப்பீட்டுப் பொருளாதாரம் இதைப் பாதகத் தேர்வு என்கிறது. சுருக்கம் நிற்காமல் தொடர்ந்தால் அதற்கு மரணச் சுழல் என்று பெயர். இதற்கு நிஜ உதாரணமும் உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1995-இல் ஊழியர் காப்பீட்டுக்குத் தன் பங்கை ஒரே நிலையான தொகையாக மாற்றியது. தாராளமான சலுகைகள் கொண்ட திட்டத்தில் ஊழியர் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை அதனால் ஏறியது. இளையவர்கள் விலகினார்கள், பிரீமியம் மேலும் ஏறியது, மூன்றே ஆண்டுகளில் அந்தத் திட்டம் மூடப்பட்டது. டேவிட் கட்லரும் சாரா ரீபரும் 1998-இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள்.

இரண்டாம் ஆட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்படுகிறது: காப்பீடு எடுக்காதவர் அபராதம் கட்ட வேண்டும். அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டுக் கட்டுப்படியாகும் மருத்துவச் சட்டத்தின்கீழ் 2016-இல் வயதுவந்த ஒருவருக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் 2.5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது, அபராதமாக இருந்தது. ஆட்டத்துக்கு 695 டாலரை எடுத்துக்கொண்டால், 4,000 சீட்டுக்காரர் அபராதத்தைத் தவிர்ப்பதற்காக 5,495 டாலர் வரை கொடுக்க முன்வருவார். பிரீமியமோ 5,500. வெறும் 5 டாலர் வித்தியாசத்தில் அவர் வெளியேறுகிறார். சுழல் மறுபடி தொடங்குகிறது. ஆட்டத்தின் முடிவில் உள்ளே இருப்பவர்கள் 4 பேர். அபராதம் காப்பாற்றியது ஒரே ஒருவரை. அபராதம் என்ற சொல்லை ஆதரித்தோ எதிர்த்தோ முழங்கிக்கொண்டிருந்த வகுப்பு, அது எவ்வளவு என்ற கேள்விக்கு இப்போதுதான் வருகிறது.

2017-இல் நிறைவேறிய வரிச் சட்டம் அந்த அபராதத்தை 2019 முதல் பூச்சியமாக்கியது. இந்த ஆட்டத்தை மட்டும் ஆடிய மாணவர், அமெரிக்கத் தனிநபர் காப்பீட்டுச் சந்தை அதன் பிறகு நொறுங்கியிருக்கும் என்றே சொல்வார். அது நொறுங்கவில்லை. காரணம், ஆட்டத்தில் இல்லாத ஒரு விதி நிஜத்தில் இருந்தது. மானியத்துக்குத் தகுதியுள்ளவர் தம் வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேல், மானியத்தைக் கணக்கிடப் பயன்படும் அளவுகோல் திட்டத்துக்குக் கட்ட வேண்டியதில்லை. பிரீமியம் ஏறினால் ஏற்றம் மத்திய அரசின் தலையில் விழும். ஆகவே மூன்றாம் ஆட்டத்தில் அந்த விதியைச் சேர்க்க வேண்டும். யாரும் 1,200 டாலருக்கு மேல் கட்ட வேண்டாம் என்று வைத்தால் பத்துப் பேரும் உள்ளே இருப்பார்கள். பிரீமியம் 5,500-இலேயே நிற்கும். மொத்தச் செலவு 55,000-இல் 43,000 டாலரை அரசு கட்டும். அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று வகுப்பில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார். அந்தக் கேள்வி மாணவரின் வாயிலிருந்து வருவதற்காகவே மூன்று ஆட்டங்களும்.

பாவனை விளையாட்டு நிஜத்தின் முன்னறிவிப்பு அல்ல என்பதும் இங்கேயே தெரிந்துவிடுகிறது. அது ஒரு வாதம். விதிகளாக எழுதப்பட்ட வாதம். எந்த உறவைச் சேர்ப்பது, எதை விடுவது, எந்த எண்ணை வைப்பது என்பதெல்லாம் ஆட்டத்தை அமைத்தவர் எடுத்த முடிவுகள். அந்த முடிவுகளுக்குள் ஒரு கொள்கை நிலைப்பாடு இருந்தே தீரும். விதிகளைத் திறந்து காட்டி, கேள்வி கேட்கவும் மாற்றி எழுதவும் இடம் கொடுக்கும் ஆட்டம் பாடமாகிறது. விதிகளை மூடி வைத்துக்கொண்டு மதிப்பெண்ணை மட்டும் காட்டும் ஆட்டம், எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், அமைத்தவரின் கருத்தை மாணவரின் அனுபவம்போல ஆக்கி அவர் மனதில் இறக்கிவிடுகிறது.

இதற்கு இந்தத் துறை கண்ட மிகத் தெளிவான சாட்சி சிம்ஹெல்த். அதன் காலத்தை முதலில் சொல்ல வேண்டும். 1993 ஜனவரியில் பதவியேற்ற பில் கிளின்டன், சுகாதாரச் சீர்திருத்தத் திட்டத்தை வகுக்கும் குழுவுக்குத் தம் மனைவி ஹிலாரி கிளின்டனைத் தலைவராக்கினார். செப்டம்பர் 22-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூட்டு அமர்வில் திட்டத்தை முன்வைத்தார். மசோதா 1,342 பக்கம். காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் ஹாரி, லூயிஸ் என்ற கணவன் மனைவி சமையலறை மேசையில் உட்கார்ந்து கவலைப்படும் விளம்பரங்களைத் தொலைக்காட்சியில் ஓடவிட்டது. 1,342 பக்கத்தை யாரால் படிக்க முடியும்? அந்த விளம்பரம் எல்லோர் கண்ணிலும் பட்டது. பொதுமக்கள் திட்டங்களை ஆடிப்பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்ற எண்ணத்தில், மார்க்கிள் அறக்கட்டளையின் நிதியோடு 1994-இல் வெளிவந்ததுதான் சிம்ஹெல்த். சிம்சிட்டி என்ற நகரமைப்பு விளையாட்டால் புகழ்பெற்ற மேக்சிஸ் நிறுவனத்தின் பெயரில் அது வந்தது. ஜான் ஹைல்ஸ் தலைமையில் இயங்கிய, பின்னாளில் திங்கிங் டூல்ஸ் என்று பெயர்பெற்ற பிரிவு அதை உருவாக்கியது.

சிம்ஹெல்த்தின் அமைப்பில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. ஆட்டக்காரர் முதலில் தம் விழுமியங்களை அறிவிக்க வேண்டும்: சுதந்திரம், சமத்துவம், சமூகப் பொறுப்பு, திறன் ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு இடம் என்று. பிறகு கொள்கைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, அறிவித்த விழுமியத்தோடு அவை ஒத்துப்போகின்றனவா என்று ஆட்டம் காட்டும். சமத்துவமே முக்கியம் என்று அறிவித்துவிட்டு நோயாளியின் கைச்செலவைக் கூட்டிய மாணவர், தம் முரண்பாட்டைத் தாமே பார்க்கலாம். கொள்கை வகுப்பில் எளிதில் நடக்காத காரியம் இது. சிம்ஹெல்த்தின் குறைகளைப் பேசுவோர் இந்த அருமையை மறந்துவிடுகிறார்கள்.

குறை உள்ளே இருந்தது. சில எண்களை ஆட்டக்காரர் மாற்றிப் பார்க்கலாம். அவற்றை இணைத்த சமன்பாடுகளோ அவர் கைக்கு எட்டாமல் இருந்தன. சமூகவியலாளர் பால் ஸ்டார் அதே ஆண்டு அமெரிக்கன் பிராஸ்பெக்ட் இதழில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். அமெரிக்க மருத்துவத்தின் சமூக வரலாற்றை எழுதிப் புலிட்சர் பரிசு பெற்றவர் அவர். கிளின்டன் திட்டத்துக்கு ஆலோசகராகவும் இருந்தவர். பாவனையின் கவர்ச்சியே அதன் ஆபத்து என்பது அவர் கவலை. திரையில் எண்கள் ஏறி இறங்கும்போது, அவை யாரோ ஒருவரின் அனுமானத்திலிருந்து வருகின்றன என்பது மறந்துபோகிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஷெர்ரி டர்க்கிள் இந்த விவாதத்தை மேலும் கொண்டுசென்றார். பாவனைகளை மறுப்பின்றி ஏற்பவர் உண்டு, அடியோடு நிராகரிப்பவர் உண்டு; மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு என்றார் அவர். நூலைப் படித்து விமர்சிப்பதுபோலப் பாவனையையும் வாசித்து, அதன் அனுமானங்களை வெளியே இழுத்து விவாதிக்கும் பழக்கமே அது. கல்லூரி வகுப்பு செய்யத்தக்கது இந்த மூன்றாவதுதான்.

இந்தப் பழக்கம் விளையாட்டுக்கு மட்டும் தேவைப்படுவதில்லை. நிஜ அரசுகளும் பாவனைகளின் மேல்தான் கொள்கை வகுக்கின்றன. 1994 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் கிளின்டன் திட்டத்தை மதிப்பிட்டது. திட்டத்தின்கீழ் வேலைதருவோர் கட்டாயமாகச் செலுத்தும் பிரீமியத்தை மத்திய அரசின் வரவாகவே கணக்கில் காட்ட வேண்டும் என்று அதன் இயக்குநர் ராபர்ட் ரைஷாவர் கூறினார். ஒரு கணக்கு விதிதான் அது. ஆனால் இது தனியார் காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் திட்டம் என்று சொல்லிவந்த ஆதரவாளர்களின் வாதத்தை அது பலவீனப்படுத்தியது. இது அரசின் வரி என்று சொன்ன எதிர்ப்பாளர்களின் கையில் ஆயுதமானது. செப்டம்பர் 26-இல் செனட் பெரும்பான்மைத் தலைவர் ஜார்ஜ் மிட்செல், அந்த ஆண்டு மசோதாவுக்கு வழியில்லை என்று அறிவித்தார். வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. ஒரு மாதிரியின் விதி நாட்டின் அரசியலையே தொடும் என்பதற்கு இந்த நிகழ்ச்சி போதும்.

மாதிரிகளுக்கு எண் எங்கிருந்து வருகிறது என்பதும் பாடத்தில் சேர வேண்டியது. நோயாளி கையிலிருந்து கட்டும் பங்கு கூடினால் மருத்துவப் பயன்பாடு எவ்வளவு குறையும் என்ற எண்ணுக்கு, பெரும்பாலான அமெரிக்க மாதிரிகள் ராண்ட் நிறுவனத்தின் காப்பீட்டுப் பரிசோதனையை நாடுகின்றன. 1974-க்கும் 1982-க்கும் இடையே 2,750 குடும்பங்களை வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் குலுக்கல் முறையில் சேர்த்து நடத்தப்பட்ட ஆய்வு அது. கட்டணம் 10 சதவீதம் ஏறினால் செலவு ஏறத்தாழ 2 சதவீதம் குறைகிறது என்ற விகிதம் அதிலிருந்து வந்தது. அதே ஆய்வு, சராசரி மனிதரின் உடல்நலத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றும், ஏழையாகவும் நோயாளியாகவும் இருந்தவர்களுக்கு இலவச மருத்துவத்தால் இரத்த அழுத்தம் போன்றவற்றில் நன்மை கிடைத்தது என்றும் சொன்னது. முதல் எண்ணை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்ட மாதிரி கட்டணத்தைப் பரிந்துரைக்கும். இரண்டையும் எடுத்துக்கொண்டது தயங்கும். ஒரே ஆய்விலிருந்து எதை எடுப்பது என்பதிலேயே கொள்கை பிறந்துவிடுகிறது.

மருத்துவமனைக்குள் நிகழும் கொள்கையைக் கற்பிக்க வேறு வகை ஆட்டம் தேவை. 1990-களின் தொடக்கத்தில் பெட் கார்ட்னர் உருவாக்கிய 'ஃப்ரைடே நைட் அட் தி ஈஆர்' என்ற பலகை விளையாட்டு அவ்வகையில் சிறந்தது. ஒரு மேசைக்கு 4 பேர். ஒருவர் அவசர சிகிச்சைப் பிரிவு, ஒருவர் அறுவைச் சிகிச்சை, ஒருவர் தீவிர சிகிச்சை, இன்னொருவர் தீவிர சிகிச்சையிலிருந்து தேறியவர்களை வைத்துக் கவனிக்கும் இடைநிலை வார்டு. மருத்துவமனையின் 24 மணி நேரம் 24 சுற்றுகளாக ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் சீட்டு சொல்லும் எண்ணிக்கையில் நோயாளிகள் வருவார்கள். படுக்கையும் பணியாளரும் இருந்தால்தான் அனுமதிக்க முடியும்; அடுத்த பிரிவில் இடம் இருந்தால்தான் அனுப்ப முடியும்.

ஆட்டம் சூடுபிடித்ததும் எல்லோர் பார்வையும் அவசர சிகிச்சைப் பிரிவின் மேல் விழும். அங்கேதான் நோயாளிகளைக் குறிக்கும் வில்லைகள் குவிகின்றன. ஆம்புலன்ஸ்களைத் திருப்பியனுப்ப வேண்டிய நிலை வருகிறது. அந்த ஆட்டக்காரர் கூடுதல் பணியாளரை வரவழைக்கிறார். செலவு ஏறுகிறது, நெரிசல் குறைவதில்லை. அடைப்பு இருப்பது மேசையின் மறுபக்கம். இடைநிலை வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் தாமதமானால் தீவிர சிகிச்சைப் படுக்கை காலியாகாது. அது காலியாகாவிட்டால் அறுவை முடிந்தவரும் அவசரப் பிரிவில் காத்திருப்பவரும் நகர முடியாது. அவசரப் பிரிவில் எத்தனை பேரைச் சேர்த்தாலும் பயனில்லை. சும்மா இருக்கும் பணியாளரை ஒரு பிரிவு இன்னொன்றுக்குக் கொடுக்கலாம். விதி அதைத் தடுப்பதில்லை. பலர் கேட்பதே இல்லை. தன் பிரிவின் மதிப்பெண்ணைக் காப்பாற்றும் முனைப்பு, யாரும் சொல்லாமலே வந்து உட்கார்ந்துவிடுகிறது. துறைவாரியாக நிதி ஒதுக்கி, துறைவாரியாகச் செயல்திறனை அளக்கும் எந்த சுகாதார நிர்வாகத்திலும் நடப்பது இதுவே. ஒரு மணி நேர ஆட்டத்தில் அதைத் தம் கையாலேயே செய்துவிட்ட மாணவர், நிர்வாகிகளைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு அளவைமுறையைப் பற்றிக் கேட்கத் தொடங்குகிறார்.

நாடளாவிய சீர்திருத்தம் ஒன்றை முன்கூட்டியே ஆடிப்பார்த்த பதிவும் உண்டு. பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவைக்குள் வாங்குவோர், வழங்குவோர் என்று பிரித்து ஓர் உட்சந்தையை உருவாக்கும் திட்டத்தை மார்கரெட் தாட்சர் அரசு 1989 ஜனவரியில் வெள்ளையறிக்கையாக வெளியிட்டது. அது நடைமுறைக்கு வருவதற்கு முன், 1990-இல், கிழக்கு ஆங்கிலியாவின் வட்டாரச் சுகாதார ஆணையம் தன் மேலாளர்களையும் மருத்துவர்களையும் உட்காரவைத்து மூன்று ஆண்டுகளை ஆடிப்பார்த்தது. 'ரப்பர் விண்ட்மில்' என்று அந்தப் பாவனைக்குப் பெயர். அழுத்தம் கூடிய மூன்றாம் ஆண்டில் பாவனைச் சந்தை நொறுங்கியது. செய்தி வெளியே பரவியது. 1991 ஏப்ரலில் நிஜச் சந்தை தொடங்கியபோது அரசு மிகுந்த எச்சரிக்கையோடு, பழைய ஏற்பாடுகளைப் பெரிதும் மாற்றாமலே தொடங்கியது, அது நொறுங்கவில்லை. பாவனை தோற்றது என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. கட்டவிழ்த்துவிட்டால் என்ன நடக்கக்கூடும் என்று அது காட்டியது, கட்டவிழ்த்துவிடப்படவில்லை. இங்கே ஆடியவர்கள் மாணவர்கள் அல்லர், அந்த வேலையையே செய்பவர்கள் என்பதும் முக்கியம். எந்த விதியும் சொல்லித்தராத நடத்தைகள், அதாவது விட்டுக்கொடுக்காமை, பழைய உறவுகள், அவநம்பிக்கை ஆகியவை அவர்களோடு ஆட்டத்துக்குள் வந்தன.

கணினி மாதிரியைத் திறந்து காட்ட முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் பாபி மில்ஸ்டைன், ஜாக் ஹோமர், கேரி ஹிர்ஷ் ஆகியோர் ஒபாமா காலச் சீர்திருத்த விவாதத்தின்போது உருவாக்கிய ஹெல்த்பவுண்டில் ஆட்டக்காரர் காப்பீட்டை விரிவாக்கலாம், சிகிச்சையின் தரத்தைக் கூட்டலாம், அல்லது மக்களின் பழக்கவழக்கத்தையும் சுற்றுச்சூழலையும் மாற்றும் பாதுகாப்பு நடவடிக்கைகளில் பணம் போடலாம். அதன் அமைப்பை அவர்கள் ஆய்விதழ்களில் வெளியிட்டார்கள். முதல் இரண்டோடு மூன்றாவதையும் சேர்த்தால் பத்தாம் ஆண்டில் 90 சதவீதம் கூடுதல் உயிர்கள் காக்கப்படும், செலவு 30 சதவீதம் குறையும் என்பது 2011-இல் வெளியான அவர்களின் கணிப்பு. எண்ணைவிடப் பயனுள்ளது மாதிரி வைத்த ஒரு தடை: முதல்நிலை மருத்துவர்கள் போதுமான அளவில் இல்லை, ஏழைகள் வாழும் பகுதிகளில் இன்னும் குறைவு. காப்பீட்டு அட்டையைக் கொடுத்துவிட்டு மருத்துவரைக் கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை மாணவர் இரண்டாம் முயற்சியிலேயே கண்டுகொள்கிறார்.

எதைக் கொடுப்பது, எதை மறுப்பது என்ற கேள்விக்குச் சமன்பாடு உதவாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சூசன் கூல்டும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் மரியன் டேனிஸும் அமைத்த 'சாட்' என்ற பயிற்சி அதற்கானது. வட்டப் பலகையில் காப்பீட்டுப் பலன்கள் துண்டுகளாகப் பிரிந்திருக்கும்: மருத்துவமனை, மருந்து, பல், மனநலம், பிரசவம் என்று. கையில் உள்ள வில்லைகள் எல்லாவற்றுக்கும் போதாது. முதலில் தனியாக, பிறகு சிறு குழுவாக, பிறகு மொத்த வகுப்பாக, கடைசியில் மறுபடி தனியாக நான்கு முறை தேர்ந்தெடுக்க வேண்டும். இடையில் குலுக்கலில் ஒரு நோய் வந்து விழும். பல் மருத்துவம் வேண்டாம் என்று விட்டவருக்குப் பல்வலியும், மனநலத்தை விட்டவரின் மகனுக்கு மனச்சோர்வும் வரலாம். முதல் தேர்வுக்கும் நான்காம் தேர்வுக்கும் இடையே என்ன மாறியது, ஏன் மாறியது என்பதே பாடம். இந்தப் பயிற்சி இந்தியாவிலும் குறைந்த வருமானக் குடும்பத்தினரிடையே, சிறு காப்பீட்டுத் திட்டங்களின் பலன்களைத் தீர்மானிப்பதற்காக நடத்தப்பட்டிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இத்தகைய தேர்வில் பொறுப்போடு பங்கெடுக்க முடியும் என்பதை அது காட்டியது.

அரசியலைக் கற்பிக்கும் ஆட்டங்கள் இன்னொரு வகை. பார்னார்டு கல்லூரியில் மார்க் கார்ன்ஸ் 1990-களில் தொடங்கிய வரலாற்றுப் பாத்திர ஆட்டங்களின் வரிசையில் 1854-ஆம் ஆண்டு லண்டன் காலராவைப் பற்றியதும் உண்டு. ஆகஸ்ட் 31-இல் சோஹோ பகுதியில் தொடங்கிய கொள்ளைநோய் 616 பேரைக் கொன்றது. செப்டம்பர் 7-இல் ஜான் ஸ்னோ பாரிஷ் பொறுப்பாளர்களைச் சந்தித்துப் பிராட் தெரு அடிபம்பின்மேல் குற்றம் சாட்டினார். மறுநாள் கைப்பிடி கழற்றப்பட்டது. இந்த ஆட்டத்தின் சிரமம், விடை எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பது. ஆகவே ஆசிரியர் கேள்வியை மாற்ற வேண்டும்: அன்று கையில் இருந்த சான்றை மட்டும் வைத்து, கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று நம்பியவரை எப்படி இணங்கவைப்பது? 1855-இல் அரசின் அறிவியல் குழுவே ஸ்னோவின் விளக்கத்தை ஏற்க மறுத்தது. சரியான சான்று தானாக வெல்லும் என்று நம்பும் மாணவருக்கு இதைவிட நல்ல பயிற்சி அரிது.

எந்த வகை ஆட்டமானாலும் கற்றல் நடப்பது ஆட்டம் முடிந்தபின் நடக்கும் கலந்துரையாடலில். ஒரு மணி நேரம் ஆடினால் குறைந்தது அதே அளவு நேரம் பேச வேண்டும். நேரம் போதாதபோது ஆசிரியர்கள் முதலில் வெட்டுவது இதைத்தான். அப்படி வெட்டுவதைவிட ஆட்டத்தில் ஒரு சுற்றைக் குறைப்பது நல்லது. என்ன நடந்தது, எந்த விதியால் நடந்தது, அந்த விதி நிஜத்தில் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்ற வரிசையில் பேச்சு போனால் போதும். தோற்றவர் முதலில் பேசுவது பயன் தரும். வென்றவர் தம் வெற்றிக்குத் தம் அறிவே காரணம் என்று நினைப்பார், தோற்றவர் விதியைப் பார்த்திருப்பார்.

ஆட்டங்கள் செய்ய முடியாததையும் ஆசிரியர் அறிந்திருக்க வேண்டும். காப்பீடு இல்லாத புற்றுநோயாளியின் பாத்திரத்தை இருபது நிமிடம் ஏற்ற மாணவர், அந்த வாழ்க்கையை அறிந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது ஆபத்து. வகுப்பிலேயே அப்படியொரு வீட்டிலிருந்து வந்தவர் உட்கார்ந்திருக்கலாம். துன்பத்தை நடிக்கவைக்கும் பாத்திரங்களைத் தவிர்த்து, முடிவெடுக்கும் பொறுப்புகளைக் கொடுப்பதே முறை. நோயாளியின் நிலையை ஆவணங்களும் நேர்காணல்களும் சொல்லட்டும். மாதிரியில் எண்ணாக மாறாதவை, உதாரணமாக நம்பிக்கை, அவமதிப்பு, மொழி தெரியாமல் வரிசையில் நிற்பது போன்றவை, ஆட்டத்திலிருந்து காணாமல்போகும்; காணாமல்போனவற்றைப் பட்டியலிடச் சொல்வதே ஒரு நல்ல வீட்டுப்பாடம்.

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் சீட்டும் பலகையும் கணினியைவிட ஒருபடி மேல் என்றே கொள்ளலாம். சீட்டாட்டத்தின் விதி ஒரு பக்கத்தில் அடங்கும். மாணவர் அதைப் பேனாவால் அடித்துத் திருத்த முடியும். கணினியைப் பயன்படுத்துவதானால், சமன்பாடுகள் வெளியிடப்பட்ட மாதிரியையே எடுக்க வேண்டும். வகுப்பு பெரிதாக இருந்தால் பல மேசைகளில் ஒரே ஆட்டத்தை ஓடவிட்டு, மேசைக்கு மேசை ஒரு விதியை மட்டும் மாற்றிவைக்கலாம். முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கும்போது அந்த ஒரு விதியின் வேலை தனியே தெரியும்.

ஆட்டத்தில் பெற்ற புள்ளிக்கு மதிப்பெண் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மாணவர் விதியை ஆராய்வதை விட்டுவிட்டு வெல்லும் வழியைத் தேடுவார். மதிப்பெண் எழுத்துக்கு: ஆட்டத்தில் ஒரு விதியை எடுத்துக்கொண்டு, அதற்கு நிஜத்தில் என்ன ஆதாரம் இருக்கிறது, அதை எப்படி மாற்றி எழுதலாம், மாற்றினால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம், பணம் யார் கட்டுவார் என்று மூன்று பக்கத்துக்குள் ஓர் அமைச்சருக்கு எழுதும் குறிப்பு. அந்தக் குறிப்பை அடுத்த வகுப்பில் விதியாக்கி ஆடிப்பார்க்கலாம். அரைப்பருவப் பாடத்துக்கு இரண்டு ஆட்டங்களும் இரண்டு குறிப்புகளும் போதுமானவை. அதற்கு மேல் சேர்த்தால் படிக்க வேண்டிய வரலாற்றுக்கும் சட்டத்துக்கும் நேரம் இருக்காது.